பின்சீட்டு ஓனர்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆஃபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல பொய் சொல்லலாம். உண்மை என்னன்னா, ரெண்டு மாசமா ஒரு கார் இன்சூரன்ஸ் பின்னாடி அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வண்டிக்கு இன்சூரன்ஸ் போட ரெண்டு மாசமாடான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலைதான். நானும் அப்படி நெனச்சுதான் தலையாட்டினேன்.

கார் என்னோடது இல்லை, பெரியப்பாவோடது. அப்பாவோட கூடப்பிறந்த அண்ணன். முத்தியால்பேட்டையில மணிக்கூண்டுக்குப் பின்னாடி, ரெண்டு தெரு தள்ளி அவர் வீடு. எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு ஒரு சொல் உண்டு, வெளியூர் மக்களுக்காக சொல்றேன். பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்க. 1962ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சு குடியுரிமை வேணும்கிறவங்க எழுதிக் குடுக்க ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. எங்க தாத்தா பெரிய பையன் பேரை மட்டும் அந்தப் பக்கம் எழுதினார், எங்கப்பாவை இந்தப் பக்கம் வெச்சுக்கிட்டார். ஏன்னு யாரும் கேக்கலை. ரெண்டு குதிரை மேலயும் பணம் கட்டியிருக்கார் மனுஷன் :-)

பெரியப்பா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டதே ராணுவ லாரியிலதான். ஊருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல இடதுபக்கமா ஓட்டியாச்சு, இன்னமும் லைசென்ஸுக்கு அவர் சொல்ற பேரு 'பெர்மி'. கடைசியா வாங்கினது ஒரு வேகன் ஆர். பி.ஒய். 01 நம்பர். ஞாயித்துக்கெழமை காலைல அதைத் தொடச்சு நிறுத்தினாருன்னா தெருவுல கல்யாணம் மாதிரி இருக்கும்.

நாலு வருஷம் முன்னாடி வலது கை நடுங்க ஆரம்பிச்சுது. ஜிப்மர்ல பார்கின்சன்னு சொன்னாங்க. தமிழ்ல நடுக்குவாதம். பேர்ல நடுக்கம் இருக்கறதால நடுக்கம்தான் நோயின்னு நெனச்சுட்டு இருந்தேன். அதைவிட மோசம், உடம்பு சொன்ன பேச்சைக் கேக்க நேரம் எடுத்துக்கறது. பிரேக்கை மிதின்னு மூளை சொல்லும், கால் கொஞ்சம் யோசிச்சுட்டுதான் நகரும். போன வருஷம் கேட்டுக்குள்ள வண்டியை விடறப்ப தூண்ல இடிச்சார். பெரிசா ஒண்ணும் இல்லை, லேசா பம்பர் நசுங்கல். எறங்கி வந்து பாத்தார். வீட்டுக்குள்ள போய் சாவியை ஆணியில மாட்டினார். அதுக்கப்புறம் அவர் அதை எடுக்கலை. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. 'நீங்க ஓட்டாதீங்க'ன்னு சொல்ல வேண்டிய அந்தக் கொடுமையை எங்களுக்கு வைக்காம அவரே முடிச்சுட்டார். அதே சமயத்துல லைசென்ஸும் காலாவதி ஆச்சு. புதுப்பிக்கணும்னா டாக்டர்கிட்ட படிவம் 1ஏ-ல கையெழுத்து வாங்கணும். அந்தப் பேச்சையே அவர் எடுக்கலை.

ஆனா கார் அவர் பேர்லயேதான் இருக்கு. நானோ, ஒரு ஆக்டிங் டிரைவரோ ஓட்டுவோம். ராஜீவ் காந்தி சிலை, கொக்கு பார்க், கோரிமேடு, ஜிப்மர். சில சாயங்காலம் பீச். அவ்ளோதான் அதோட உலகம்.

மார்ச்ல ஒரு ராத்திரி பாரிஸ்லேர்ந்து அக்கா போன். பெரியப்பா பொண்ணு.

"தம்பி, அப்பா காருக்கு மே மாசத்தோட அசுரான்ஸ் முடியுது. இனிமே அப்பா ஓட்டலயே, கொந்துக்தர் பேரை மாத்தி எழுதச் சொல்லு. இல்லன்னா ஏதாவது ஆச்சுன்னா தரமாட்டான்."

கொந்துக்தர்னா ஓட்டறவர். பிரான்ஸ்ல பாலிசியிலயே யார் முக்கியமா ஓட்டறதுன்னு எழுதணுமாம். விபத்து இல்லாம ஓட்டினா வருஷா வருஷம் ஒரு குணகம் எறங்கிட்டே வரும், 1லேர்ந்து 0.50 வரைக்கும். அது எறங்கி முடிய 13 வருஷம் ஆகும். அந்தக் குணகம் ஓட்டறவரோட கணக்கு, காரோடது இல்லை.

"அக்கா, இங்க அப்படி இல்லை. காருக்குத்தான் இன்சூரன்ஸ். லைசென்ஸ் இருக்கற யார் வேணா ஓட்டலாம். ஓனருக்கு ஓட்டவே தெரியாட்டியும் பரவால்ல"ன்னு பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அது சரிதான். நம்ம பாலிசியில டிரைவர்ங்கிற எடத்துல, செல்லுபடியாகற லைசென்ஸ் உள்ள எவரும்னுதான் இருக்கும். அக்கா சமாதானமாகி போனை வெச்சுட்டாங்க. நானும் தூங்கிட்டேன்.

மறுநாள் ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். எங்க குடும்பத்துக்கு வருஷக்கணக்கா பழக்கமான ஆளு, பேர் வேணாம். அவர் ஒரு யோசனை சொன்னார். "சார், பெரியவர் ஓட்டறதில்ல. வண்டி மாசத்துக்கு நாலு தடவதான் வெளிய வருது. எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்குவோம். ஆயிரம் சி.சி.க்குள்ள, ரேட்டு அரசாங்கம் வெச்சதுதான்."

கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. 2022 ஜூன்ல ஆயிரம் சி.சி. வரைக்கும் உள்ள காருக்கு 2,094 ரூபாய்னு நிர்ணயம் பண்ணினாங்க, வரி தனி. மோட்டார் வாகனச் சட்டம் 146வது பிரிவு கேக்கறது அது ஒண்ணைத்தான். அது இல்லாம ரோட்டுக்கு வந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் மொதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. சரி, போட்டுருங்கன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். என்ன தோணுச்சோ, "பழைய பாலிசியை அனுப்புங்க, ஒரு தடவ படிச்சுக்கறேன்"னு சொன்னேன்.

மக்களே, வாழ்க்கையில முதல் தடவையா ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை முழுசா படிச்சேன். நீங்க யாராவது படிச்சிருக்கீங்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.

முதல் இடி இது. தேர்ட் பார்ட்டி மட்டும்னா ரோட்ல போறவனுக்கு, எதிர் வண்டிக்காரனுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ் குடுக்கும். நம்ம கார்ல உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குக் குடுக்காது. சொந்தக் கார்ல சும்மா கூட வர்றவங்க சட்டம் கட்டாயமாக்கற பாலிசிக்குள்ள வரமாட்டாங்கன்னு 2006ல திலக் சிங் வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. ஃபுல் பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தா உள்ள இருக்கறவங்களும் சேத்தி. 2009ல ஒழுங்குமுறை ஆணையமே சுற்றறிக்கை விட்டு கம்பெனிகளுக்கு அதை ஞாபகப்படுத்துச்சு. ஆக ஏஜென்ட் சொன்ன 'வண்டி வெளிய வர்றதே இல்ல' கணக்கு தலைகீழ். இந்தக் கார் வெளிய வர்ற ஒவ்வொரு தடவையும் உள்ள ஒரு நோயாளி இருக்கார். அவரைக் கூட்டிட்டுப் போறதுக்காகத்தான் அது வெளியவே வருது.

சரி, பேக்கேஜே போட்ருவோம்னு முடிவு பண்ணிட்டு மேல படிச்சேன். ரெண்டாவது இடி அங்க காத்துட்டு இருந்துச்சு.

பேக்கேஜ் பாலிசி கார்ல இருக்கற மத்தவங்களுக்கு. ஓனருக்கு இல்லை. இன்சூரன்ஸ்னா என்ன, ஓனர் அடுத்தவனுக்குக் குடுக்க வேண்டிய நஷ்டஈட்டை கம்பெனி ஏத்துக்குது. ஓனர் தனக்குத்தானே நஷ்டஈடு குடுக்க முடியாதே! 2004ல தன்ராஜ்ங்கிறவரோட வழக்கு இதே கதைதான். சொந்த ஜீப்ல இன்னும் சில பேரோட போறார், டிரைவர் ஓட்டறார், விபத்து. மத்தவங்களுக்கு நஷ்டஈடு சரி, ஓனருக்கு அடிபட்டதுக்கு கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு. நீங்க கட்டின பிரீமியம் வண்டிக்கு, உங்க உடம்புக்கு இல்லைங்கிற மாதிரி.

அப்ப ஓனர் உடம்புக்கு ஒண்ணுமே இல்லையா? இருக்கு. 'ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு'ன்னு ஒண்ணு. முன்னாடி காருக்கு ரெண்டு லட்சமா இருந்ததை, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதையொட்டி 2018ல 15 லட்சமா ஆக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா பேர்லயே இருக்கு பாருங்க, ஓனர் கோடு டிரைவர். அவர் கையில செல்லுபடியாகற லைசென்ஸ் இருந்தாத்தான் இந்தக் கவர். பெரியப்பாவோட பெர்மி செத்துப்போச்சு. ஆன்லைன் ஃபார்ம்லயே கேக்கறான், 'உரிமையாளரிடம் ஓட்டுநர் உரிமம் உள்ளதா?' இல்லைன்னு டிக் பண்ணினா பிரீமியம் கொஞ்சம் கொறையுது. 'நீங்கள் சேமித்தது'ன்னு பச்சைக் கலர்ல வேற காட்டறான்!

சரி, கூட வர்ற பயணிகளுக்குன்னு ஒரு விபத்துக் காப்பீடு கூடுதலா எடுக்கலாமே, பெரியப்பாவும் இப்ப பயணிதானேன்னு பாத்தேன். அந்தக் காகிதத்துல முதல் வரியே, 'காப்பீடு செய்தவர் தவிர'.

அந்த ராத்திரி அதையே யோசிச்சுட்டுப் படுத்திருந்தேன். நான் ஓட்டறேன், பெரியம்மா முன்சீட்டு, பெரியப்பா பின்சீட்டு, பக்கத்துல தண்ணி பாட்டில் பிடிச்சுட்டு பக்கத்து வீட்டுப் பையன். எவனாவது லாரிக்காரன் மேல தப்புன்னா அந்த லாரியோட இன்சூரன்ஸ் எல்லாருக்கும் குடுக்கும், அது வேற. தப்பு என்னோடதுன்னா? பெரியம்மாவுக்கு உண்டு. அந்தப் பையனுக்கு உண்டு. பணம் கட்டின மனுஷன், அந்தக் கார் யாருக்காக ஓடுதோ அந்த மனுஷன், அவருக்கு மட்டும் சைபர்.

அக்காகிட்ட சொன்னப்ப அவங்க நம்பவே இல்லை. "ஓட்டறவரைத் தவிர வண்டில இருக்கற எல்லாருக்கும் குடுக்கணும்தானே?"ன்னாங்க. அங்க 1985லேர்ந்து அப்படித்தான். பதந்தேர்னு ஒரு நீதி அமைச்சர் இருந்தார், மரண தண்டனையை ஒழிச்சாரே அவரேதான், அவர் கொண்டு வந்த சட்டம். அதுலயும் 70 வயசைத் தாண்டினவங்க, 80 சதவீதம் ஊனம் உள்ளவங்கன்னா அவங்க மேல தப்பு இருந்தாலும் கேக்கமாட்டாங்க, வேணும்னே போய் விழுந்தாத்தான் கெடையாது. பெரியப்பாவுக்கு 79. அதே மனுஷன், அதே பின்சீட்டு, அதே நடுக்கம். எங்க உக்காந்திருக்கார்ங்கிறதுல இருக்கு விஷயம். சரி விடுங்க, அவர் இருக்கறது முத்தியால்பேட்டையில.

மறுபடி ஏஜென்ட். பொறுமையா கேட்டுட்டு, "சார், நான் இருபது வருஷமா பாலிசி போடறேன். இப்படி யாரும் கேட்டதில்ல" ன்னார். பாராட்டா திட்டான்னு தெரியலை. நானே நேர்ல ஆஃபீஸுக்குப் போனேன். கவுன்டர்ல இருந்த பொண்ணுக்கும் தெரியலை. உள்ள ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருந்த ஒரு அதிகாரி, கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு கேட்டார். கேட்டு முடிச்சதும் ஒரே வார்த்தை, "ஐ.எம்.டி. 15."

2002ல வந்த மோட்டார் கட்டண விதிப்புத்தகத்துல 15வது சேர்க்கை. 'காப்பீடு செய்தவருக்கோ, பேர் குறிப்பிடப்பட்டவருக்கோ' தனிநபர் விபத்துக் காப்பீடு. லைசென்ஸ் கேக்காது. அதிகபட்சம் ரெண்டு லட்சம். செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்காசு. ஆன்லைன்ல கண்ணுல படற மாதிரி எங்கயும் நான் பாக்கலை. 15 லட்சம் இல்லைதான், சைபருக்கு ரெண்டு லட்சம் தேவலாம். கூடவே சம்பள டிரைவருக்கான கவர், அது அம்பது ரூபாய். இதையும் போட்டுக்குங்க, ஆக்டிங் டிரைவர் வெச்சிருக்கறவங்க.

ஆனா அந்தச் சேர்க்கையிலயும் ஒரு வரி உண்டு. உடல் குறைபாட்டாலோ பலவீனத்தாலோ வர்ற காயத்துக்குக் கெடையாது. வண்டி எதையாவது இடிச்சு அடிபட்டா சரி. பார்கின்சன்காரர் எறங்கறப்ப கால் ஒட்டிக்கிட்டு விழுந்தா 'அது உங்க நோய்' னுடுவான். அதிகாரியும் இதை மறைக்காம சொன்னார். அப்புறம் கண்ணாடியை எறக்கிவிட்டுட்டு, "தம்பி, சரியான வழி இது இல்ல. வண்டியை உங்க பேருக்கு மாத்திடுங்க"ன்னார்.

யோசிச்சுப் பாத்தா அதுதான் சரி. கார் என் பேர்ல இருந்தா பெரியப்பா ஓனர் இல்லை, பயணி. பேக்கேஜ் பாலிசியில முழுசா சேத்தி, தீர்ப்பாயம் எவ்ளோ சொன்னாலும் கம்பெனி குடுக்கணும். எனக்கு லைசென்ஸ் இருக்கு, அதனால என் 15 லட்சமும் உண்டு. பெரியம்மா பேருக்கு மாத்தினா ஓட்டை அவங்க பக்கம் நகரும், அவ்ளோதான். 2012ல பாலகிருஷ்ணன்னு ஒருத்தர் வழக்கு இருக்கு. கார் கம்பெனி பேர்ல, அடிபட்டவர் அந்தக் கம்பெனியோட மேனேஜிங் டைரக்டர். நீதான ஓனர்னு இன்சூரன்ஸ்காரங்க கேட்டப்ப, கம்பெனி வேற ஆள் வேறன்னு கோர்ட் சொல்லிச்சு. ஆர்.சி. புக்குல யார் பேருங்கிறதுலதான் எல்லாம்.

நஷ்டமும் உண்டு. அஞ்சு வருஷத்துக்கு மேல க்ளெய்ம் இல்லாம அவர் சேத்து வெச்சிருக்கற 50 சதவீத என்.சி.பி. கழிவு எனக்கு வராது, அது ஆளைச் சேர்ந்தது. (இங்க மட்டும் காரைப் பாக்காம ஆளைப் பாப்பாங்க!) சொந்தக்காரங்க வாய் வேற. 'பெரியப்பன் படுத்ததும் காரை எழுதி வாங்கிட்டான்'னு ரெண்டு பேராவது சொல்வாங்க. அதையெல்லாம் பொறுத்துக்கலாம். பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

உங்களை உங்க கார்லயே பத்திரமா கூட்டிட்டுப் போகணும்னா அது உங்க காரா இருக்கக் கூடாதுன்னு எப்படிச் சொல்றது?

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு நாள் காலைல, மாத்திரை வேலை செய்யற நேரமா பாத்துப் போனேன். பார்கின்சன்ல அப்படி ஒரு ஒண்ணரை மணி நேரம் கெடைக்கும், பேச்சு தெளிவா இருக்கும், கை சொன்னதைக் கேக்கும். எல்லாத்தையும் சொன்னேன். தன்ராஜ், ஐ.எம்.டி. 15, ஆர்.சி. எல்லாம். குறுக்க பேசலை. முடிஞ்சதும் கேட்டார்.

"அப்ப பின்னாடி உக்காந்தா நான் யாரு?"

"ஓனர் பெரியப்பா."

"ஓனருக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"வேற எவனாவது உக்காந்தா உண்டு."

"உண்டு."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா கேட்டையே பாத்துட்டு இருந்தார். அந்தத் தூண்ல இன்னும் பம்பர் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கு. "வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு பிரெஞ்சுக்காரனுக்கு காகிதம் அனுப்பறேன். இவன்கிட்ட நான் ஓனர் இல்லேன்னு காகிதம் குடுக்கணும். சரி, குடு" ன்னார்.

படிவம் 29, படிவம் 30. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவை ஊனி, மூச்சை இழுத்து விட்டுட்டுப் போட்டார். பார்கின்சன்ல எழுத்து சின்னதாகிட்டே போகும். பழைய ஆர்.சி. காகிதங்கள்ல இருக்கற கையெழுத்துல பாதிதான் இருந்துச்சு. ஒத்துக்குவாங்களோன்னு எனக்குள்ள ஒரு பயம், வெளிய காட்டிக்கலை. பெரியம்மா காபியோட வந்து நின்னாங்க, ஒண்ணும் பேசலை.

"இப்ப குடுக்காத. ஜூலை 14 கழியட்டும்"னார்.

ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். பீச் ரோட்ல போர் நினைவுச்சின்னத்துக்கு சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திட்டு வருவாங்க. வருஷா வருஷம் கொறைஞ்சுகிட்டேதான் வர்றாங்க. அன்னிக்கு சொந்தக் கார்ல போய் எறங்கணும்னு ஆசை. இதுக்கு மறுப்பு சொல்ல எனக்கு வாய் வரலை. பாலிசியை மே மாசம் அவர் பேர்லயே புதுப்பிச்சேன். பேக்கேஜ், ஐ.எம்.டி. 15, டிரைவர் அம்பது ரூபாய். தேதி தவறவிடலை. தவறவிட்டா வண்டியை இன்ஸ்பெக்ஷன் காட்டணும், 90 நாள் தாண்டினா கழிவும் போயிடும்.

ஜூலை 14 காலைல ஆக்டிங் டிரைவர் வேணாம்னுட்டார், நீயே ஓட்டுன்னார். என் வாழ்க்கையில இவ்ளோ மெதுவா நான் வண்டி ஓட்டினதில்லை. சைக்கிள்காரன் ஒருத்தன் ஓவர்டேக் பண்ணிட்டுப் போனான். பின்னாடிலேர்ந்து பெரியப்பா, "தர்ட்ல போடா, இஞ்சின் முக்குது"ன்னு ஒரு அதட்டல். மெடல் மூணு, சட்டை இஸ்திரி. எறங்கறப்ப கால் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேர் பிடிச்சோம். அப்புறம் அவரா நின்னார், சல்யூட் அடிச்சப்ப அந்தக் கை நடுங்கலை. நடுங்கியிருக்கலாம், நான் சரியா பாக்கலை.

மறுநாள் சாயங்காலம் போய், பீரோவுல இருந்த படிவங்களை எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். முதலியார்பேட்டை ஆர்.டி.ஓ. ஆஃபீஸ் காலைல பத்து மணிக்கு, கூட்டம் கம்மியா இருக்கும்னேன்.

காலண்டரைப் பாத்தார்.

"நவம்பர் 11 இருக்கேடா"ன்னார்.